நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

மாப்பிள்ளை என் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தான். அவனுடைய பட்டு வேட்டியின் கரை என் இடது காதை உரசிக்கொண்டே வந்தது.

மாலை ஐந்தரை மணி இருக்கும். சரவணம்பட்டியில் பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போகும் வீதி. முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்குத் தலைமையாக என் மாமியார். நடுவில் சிவப்பு நிறத்தில், கூரை இல்லாமல், தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். மாப்பிள்ளை என் மச்சினன் மோகன்.

பாதி வீதி தாண்டியிருப்போம். முதுகுக்குப் பின்னாலிருந்து, ஓடுகிற மிக்ஸிக்குள் கரண்டி விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. எஞ்சின் ஓடியது, வண்டி நின்றுவிட்டது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்தியது. வண்டி பெரிய மனிதரைப் போல அசையாமல் இருந்தது.

"மாமா, என்னாச்சுங்க?" என்றான் மோகன் மேலேயிருந்து.

"ஒண்ணுமில்ல மாப்பளை, எல்லாரும் பாக்கட்டும்னு சித்த நிறுத்தியிருக்கேன்."

இதைச் சொன்னபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீடியோவில் அந்தச் சிரிப்பு இப்போதும் இருக்கிறது. பார்ப்பவர்கள் நான் மிகவும் சந்தோஷமாக இருந்ததாக நினைக்கிறார்கள்.

ஆபத்தில்லாத வாரங்கள் முடிந்தன

இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடம், என் மூக்குக்கண்ணாடி, என் பல்வலி என்று ஆபத்தில்லாத விஷயங்களையே எழுதி ஒப்பேற்றி வந்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர், "நீங்கள் ஒரு காலத்தில் பெரிய கார் பைத்தியமாமே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கடிதம் போட்டுவிட்டார். மறைக்கவில்லை. மறந்துவிட முயன்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கார்ப் பைத்தியம் பிடிக்காதவன் ஆண்பிள்ளைக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. தெருவுக்கு நாலு லேத்துப் பட்டறை. லேத்துக்கு ஒரு மேதை. எந்தச் சாமானைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "இதென்னுங்க, நாமளே செஞ்சுபோடலாம்" என்பார்கள். கார் பந்தயம் நடந்தால் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது சைக்கிளையே சாய்த்துத் திருப்புகிற ஊர்.

எனக்குக் கணபதியில் ஒரு சின்ன பவுண்டரி. பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுப்போம். புதனும் சனியும் உலை மூட்டுவோம். மற்ற நாட்களில் மண் அச்சு பிடிப்போம். ஆபீஸ் என் மனைவி சாந்தாமணியின் கையில். உலைக்குள் எந்தப் பழைய இரும்பு போகவேண்டும், எது போகக்கூடாது என்பது அவள் முடிவு. இந்தத் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்று: கூரை அறுத்தது

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கூரை இருக்கக்கூடாது என்பதுதான் என் முதல் ஞானம். ஆகவே ஒரு பழைய நாலு பேர் காரை வாங்கி, ஹேக்ஸா பிளேடால் கூரையை அறுத்து எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

வண்டியை விறைப்பாக வைத்திருப்பதே கூரைதான் என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நான் உள்ளே உட்கார்ந்ததும் வண்டி நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்தது. கதவைத் திறந்தால் மூட முடியாது. மூடினால் திறக்க முடியாது. அவினாசி ரோட்டில் ஒரு சிக்னலில் இரண்டு கதவும் தாமாகத் திறந்துகொண்டன. பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "ஏனுங்க, ஆள் ஏத்தறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வண்டி அடுத்த சனிக்கிழமை உலைக்குப் போயிற்று. பம்புசெட்டாக மாறி எந்தக் கிணற்றில் கிடக்கிறதோ. கிணற்றுக்குள் கூரை தேவையில்லை.

இரண்டு: மலையிறங்கியது

இரண்டாவது உண்மையான ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்துச் சாமான். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவின் ஷெட்டில் கிடந்தது. பச்சை நிறம். இரண்டு சீட், இரண்டு கார்புரேட்டர். அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத பங்காளிகள்.

எஞ்சின் அங்கேயே கிளம்பவில்லை. "இறக்கம்தானுங்க, தானா உருண்டு போயிருமுங்க" என்றார் பங்களா வாட்ச்மேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உருண்டது. நிறுத்துவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். பழனிக்கு மொட்டை, மருதமலைக்குப் படியேற்றம், மாசாணியம்மனுக்குப் பொங்கல். பிரேக்கிலிருந்து தோசைக்கல் காயும் வாசனை வந்தது. மேட்டுப்பாளையம் சமவெளியில் வண்டி தானாகவே நின்றபோது என் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அந்தக் கார் என்னிடம் ஓடிய ஒரே ஓட்டம் அதுதான். எஞ்சின் அணைந்த நிலையில். பிறகு சென்னையிலிருந்து ஒரு ரசிகர் வந்து, வண்டியின் முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு நேர்த்திக்கடன்கள் மட்டும் மிச்சம்.

மூன்று: மரியாதையால் கெட்டது

மூன்றாவதை நானே கட்டுவது என்று முடிவெடுத்தேன். நான் என்றால் சலீம் பாய்.

சலீம் பாய்க்கு உக்கடத்தில் வீடு. முப்பது வருஷமாக டிங்கர் வேலை. நசுங்கின காரைக் கையால் தடவிப் பார்த்தே எங்கே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணா என்பார். நான் அவரைப் பாய் என்பேன். இருவரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்த எண்ணூறு சிசி சின்னக் கார் ஒன்று, முன்பக்கம் புளியமரத்தில் மோதி, விலைக்கு வந்தது. அதில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே பொட்டலமாக முன்னால் இருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்து, இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, மேலே பைபரில் உடம்பு போட்டால் ஸ்போர்ட்ஸ் கார். திட்டம் அருமையான திட்டம். அதில் நான் ஒரே ஒரு திருத்தம் சொன்னேன்.

"பாய், சைலன்சர் குழாய் நேரா பின்னால வந்தா அழகா இருக்குமுங்க. எஞ்சினைச் சித்தத் திருப்பி வெச்சுறலாமுங்களா?"

பாய் எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெச்சுறலாமுங்கண்ணா" என்றார்.

எட்டு மாதம் ஆயிற்று. சிவப்புப் பெயிண்ட் அடித்து, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பவுண்டரி ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்க, முதல் கியர் போட்டு கிளச்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

கொஞ்சநஞ்சம் அல்ல. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். மிதிக்க மிதிக்க வண்டி வேகமாகப் பின்னால் போய், வார்ப்பு மண் குவியலில் இடுப்பளவு புதைந்து நின்றது. எலுமிச்சம்பழங்கள் நாலும் போட்ட இடத்தில் நசுங்காமல் இருந்தன. சக்கரம் ஏறவேண்டிய பக்கம் ஏறவில்லை அல்லவா.

பாய் வந்து என் தோளிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டார்.

"பாய், மொதக் கியர் போட்டேனுங்க."

"ஆமாங்கண்ணா."

"பின்னால போகுதுங்க."

"அப்படித்தானுங்கண்ணா போகும். எஞ்சினைத் திருப்பி வெச்சா சக்கரம் திருப்பித்தான் சுத்துமுங்க. நாலு கியரும் பின்னால போகும். ரிவர்ஸ் போட்டா முன்னால போகும்."

"இது உங்களுக்கு எப்பவிருந்து தெரியுமுங்க?"

"நீங்க திருப்பச் சொன்னீங்கல்லோ, அன்னைக்கே தெரியுமுங்கண்ணா."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

பாய் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "நீங்க படிச்சவிங்க. ஏதோ ரோசனை இல்லாமயா சொல்லுவீங்கன்னு இருந்துட்டனுங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வண்டி கட்டிக்கொண்டிருந்த நாலாவது மாதம், குளித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும்? சோப்பு நுரையோடு நின்று யோசித்தேன். முப்பது வருஷ அனுபவம் உள்ள மனிதரிடம் போய் இதைக் கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு மாதம் இருவரும் ஒருவரையொருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டோம். வேறு ஊராக இருந்தால் இரண்டாம் நாளே சண்டை போட்டு, வண்டி உருப்பட்டிருக்கும்.

பதமான பேச்சு

நான் மண்ணை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. சாந்தாமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏனுங்க, வண்டி பின்னால நாலு கியர்ல போகுதாமா?"

"ஆமா அம்மணி. முன்னாலயும் ஒரு கியர்ல போகுது."

"அதுக்குப் பேரு ரிவர்ஸ் கியரல்லோ?"

"நம்ம வண்டில அதுக்குப் பேரு முன்னால கியரு."

கீரைக் காம்பு ஒன்று ஒடிந்தது. "மோகனோட மாப்பளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வரும்னு எங்கப்பன்கிட்ட நீங்களா வாயக் குடுத்துருக்கறீங்க. எங்கப்பன் போயி பொண்ணூட்டுக்காரங்ககிட்ட அதுக்கு மேல பேசிப்போட்டாரு. கல்யாணத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்குது."

"எஞ்சினைத் திருப்ப ரெண்டு வாரமாகும்னு பாய் சொல்றாரு."

"சரிங்க. இருக்கற கியர்லயே ஓட்டுங்க. என்ற தம்பியக் கொண்டுபோயி மண்டபத்துல எறக்கிப்போட்டீங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா, அடுத்த உலைக்குப் போட்டுருவோமுங்க. ரெண்டு வருசமா ஷெட்டுல இடம் இல்ல, ஊட்டுல நீங்க இல்ல."

எங்கள் பக்கத்தில் தூக்குத் தண்டனையைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். குரலும் உயராது. அதனால்தான் பயமாக இருக்கும்.

மீண்டும் வீதியில்

அப்படித்தான் நான் அந்த வீதியில், ரிவர்ஸ் கியரில் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். நடை வேகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கிரைண்டர் ஓடுவது போல ஒரு ஊளைச் சத்தம் மட்டும். நாதஸ்வரக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை அந்தச் சத்தத்தையே சுருதியாக எடுத்துக்கொண்டார்.

என் பயம் வேறு. கை பழக்கதோஷத்தில் முதல் கியருக்குப் போய்விட்டால், வண்டி நேராகப் பின்னால் பாய்ந்து மாமியார் மேல் ஏறும். ஆகவே கியர் கம்பியைச் சணல் கயிற்றால் சீட்டோடு கட்டியிருந்தேன். பந்தய வீரர்கள் தங்களைச் சீட்டோடு கட்டிக்கொள்வார்கள். நான் கியரைக் கட்டினேன்.

பாய் ஒரு கையில் தண்ணீர்க் குடமும், சட்டைப்பையில் ஸ்பேனருமாகப் பக்கத்திலேயே நடந்து வந்தார். கல்யாண வீட்டார் அவரை என் பாதுகாப்புக்கு வந்தவர் என்று நினைத்தார்கள். தவறில்லை.

அப்போதுதான் அந்த மிக்ஸிச் சத்தம்.

பாய் குனிந்து, காதை வைத்துக் கேட்டார். பிறகு என் காதருகே வந்தார். "ரிவர்ஸ் பல்லு போச்சுங்கண்ணா. வாசல்ல இருந்து வண்டியெடுக்கறதுக்கு வெச்ச பல்லு அது. கல்யாண ஊர்வலம் தாங்காதுங்க."

"அப்பறமுங்க?"

"முன்னால போகற கியர் இனி இல்லீங்க."

இங்கே என் மாமனார் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை வண்டியேறிவிட்டால், மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும் வரைக்கும் அவன் கால் தரையில் படக்கூடாது. வந்த வழியே ஒரு அடிகூடத் திரும்பிப் போகக்கூடாது. என் மாமனார் இந்த இரண்டையும் தம் கல்யாணத்தில் மாட்டு வண்டியில் உட்கார்ந்து காப்பாற்றியவர்.

அவர் வந்து நின்றார். "என்னுங் மாப்பளை?"

"சின்னக் கோளாறுங் மாமா."

"தள்ளீறலாமுங்க" என்றார் ஒறம்பரைக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர்.

மாமனாருக்கு முகம் கறுத்தது. "பொண்ணூட்டுக்காரங்க அத்தன பேரும் மண்டபத்து வாசல்ல நிக்கறாங்க. எம்பையன் தள்ளு வண்டீல போயி எறங்கறதா? அப்பறம் காலத்துக்கும் தள்ளு வண்டிக்காரன் ஊடுன்னல்லோ பேரு உழுகும்?"

"தாய்மாமன் தூக்கிட்டுப் போகட்டுங்க" என்றது இன்னொரு குரல். மோகனின் எடை தொண்ணூறு கிலோ. தாய்மாமன் கேட்டதும் கூட்டத்தில் சத்தமில்லாமல் இரண்டு வரிசை பின்னால் போய்விட்டார்.

கல்யாண வீட்டு அம்பாசிடர்கள் எல்லாம் சொந்தக்காரர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் போயிருந்தன. இன்னும் இருபது நிமிஷத்தில் நல்ல நேரம் முடிகிறது. மோகன் மேலேயிருந்து, "மாமா, அடில நெம்பச் சுடுதுங்க" என்றான். அவன் உட்கார்ந்திருந்தது எஞ்சின் மூடியின் மேல்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய ஒரே யோசனை, வண்டியிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் நுழைந்து, சத்தி ரோட்டுக்குப் போய், வருகிற முதல் பஸ்ஸில் ஏறி, அது போகிற ஊரிலேயே வேறு பெயரில் வாழ்வது. பெயரைக்கூட யோசித்துவிட்டேன்.

சீர்த்தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுச் சாந்தாமணி முன்னால் வந்தாள். எட்டு முழம் மல்லிகை, அரக்குப் பட்டு. முகத்தில் கோபம் இல்லை. அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

"ஏனுங்க, பின்னால போறதுக்கு நாலு கியர் இருக்குதுன்னீங்கல்லோ?"

"இருக்குது."

"அது நாலும் நல்லாருக்குதுங்களா?"

"அதுக்கென்ன, சும்மாதானே இருக்குது."

அவள் பாய் பக்கம் திரும்பினாள். "பாய், இந்த வண்டிய எத்தன பேரு தூக்கலாமுங்க?"

பாயின் முகம் மலர்ந்தது. "பதினாறு பேர் போதுமுங்க தங்கச்சி. பைபர்தானே."

எது முன்னால்?

உடனே ஒரு தர்க்கம் கிளம்பியது. வண்டியைத் திருப்பிவைத்து, பின்பக்கமாக மண்டபத்துக்குப் போனால், மாப்பிள்ளை முன்னால் போகிறானா, பின்னால் போகிறானா?

அருமைக்காரரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை எல்லாம் முன்நின்று செய்து வைக்கிற பெரியவர் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான். மெல்ல நடந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் எஞ்சின் இல்லை, பின்பக்கம் எஞ்சின் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வண்டிக்கா கல்யாணம்?" என்றார். "மாப்பளைக்குத்தானே? அவன் மொகம் மண்டபத்தப் பாத்து இருக்கோணும். மொகம் எங்கிருக்குதோ அதான் முன்னால. வண்டி எப்படிப் போனா நமக்கென்ன? தூக்குங்கப்பா."

பதினாறு பேர் தூக்கினார்கள். மோகன் மேலேயே உட்கார்ந்திருந்தான். நானும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லவும் இல்லை, மாப்பிள்ளையின் மாமாவிடம் எப்படிச் சொல்வது. வண்டி காற்றில் அரைவட்டம் அடித்து, வால் மண்டபத்தைப் பார்க்க இறங்கியது. மோகன் எஞ்சின் மூடியின் மேல் நாலாக மடித்த ஜமக்காளம் போட்டு, வால் பக்கம் காலைத் தொங்கவிட்டு, மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

சணல் கயிற்றைப் பாய் அறுத்தார். நான் முதல் கியர் போட்டேன். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் அவ்வளவு சுத்தமாகப் போன மாப்பிள்ளை அழைப்பு வண்டி வேறு இருந்திருக்காது. ஊளை இல்லை, உதறல் இல்லை.

ஒரே சங்கடம் சைலன்சர். எந்தக் குழாய் நேராகப் பின்னால் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அது இப்போது ஊர்வலத்துக்கு முன்னால் வந்துவிட்டது. தவில்காரரின் முதுகில் புகை. அவர் வாசித்த வேகத்தில் நாதஸ்வரக்காரரும் ஓட வேண்டியதாயிற்று.

எனக்கு இன்னொரு சங்கடம். தலையைப் பின்னால் திருப்பினால் மச்சினனின் முதுகு, வேறொன்றும் தெரியாது. முன்னால் திருப்பினால் நாலடி தூரத்தில், வண்டியின் மூக்கைப் பின்தொடர்ந்து, மாமியார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது கிடையாது. "இடதுங்கண்ணா, சித்த வலதுங்க" என்று பாய் சொல்லச் சொல்ல, நான் மாமியாரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே மண்டபம் போய்ச் சேர்ந்தேன்.

ஆரத்தி எடுத்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வண்டியைத் தடவிப் பார்த்து, "பாரின் மாடலுங்களா? டிரைவர் பின்னால பாத்து உக்கார்றதுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் என் மாமனார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

புதன்கிழமை

ஓடியதா, ஓடவில்லையா? கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் அந்த வழக்கை எடுத்தேன். மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கியாயிற்று, ஆகவே வண்டி தப்பித்தது என்பது என் வாதம். தூக்கினது பதினாறு பேர் என்பது சாந்தாமணியின் வாதம்.

கடைசியில் அவள், "எஞ்சினை நேராத் திருப்பி வெச்சு, ஒருக்கா என்னையக் கூட்டிட்டுப் போங்க. போயிப் பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றாள்.

பாய் இரண்டு வாரத்தில் திருப்பி வைத்துவிட்டார். இந்த முறை வேலையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும், "இது சரிங்களாண்ணா, மனசுல இருக்கறதச் சொல்லிப்போடுங்க" என்று கேட்டார். நானும் சொன்னேன். இரண்டு முறை சண்டைகூடப் போட்டோம். இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

அவள் நாள் குறித்தது ஒரு புதன்கிழமை. உலை மூட்டும் நாள். காலை ஆறரை மணிக்கு நாங்கள் கிளம்பியபோதே பவுண்டரி கேட்டில் ஆறுமுகம் கேஸ் கட்டரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்களில் வெட்டுகிற வேலை அவனுடையது. "வந்ததும் சொல்லுங்கக்கா" என்றான்.

சத்தி ரோடு. சரவணம்பட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் சோளக்காடு. ரோட்டில் பால் வண்டியும், ஒன்றிரண்டு சைக்கிளும். முதல் கியர் போட்டேன். வண்டி முன்னால் போனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு. மூன்று.

மூன்றில் நிறுத்திக்கொண்டேன். முள் அறுபதைத் தொட்டதும் என் காலுக்கு யாரோ உத்தரவு போட்டது போல இருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்தால் அறுபது, நூற்றிருபது மாதிரி தெரியும். எதிரே வந்த லாரியின் சக்கரம் என் தலை உயரம் இருந்தது. அந்தச் சிரிப்பு முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் எஞ்சின், 'அடுத்ததைப் போடு, போடு' என்று கதறியது.

பத்து வருஷம், மூன்று கார், ஊரெல்லாம் வேகப் பைத்தியம் என்ற பெயர். உண்மையில் நான் எந்தக் காரிலும் அறுபதைத் தாண்டியவன் இல்லை. குன்னூர் இறக்கத்தைச் சேர்க்கக்கூடாது, அது நான் ஓட்டியதல்ல. வண்டிகள் ஓடாமல் இருந்தவரைக்கும் எனக்கு இது தெரிய நியாயம் இல்லை.

சாந்தாமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் அம்மணி."

"நாலாவது?"

"அது சரியா உழுகறதில்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"நிறுத்துங்க. இக்கட்ட வாங்க, நானு பாக்கறேன்."

அவள் கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள். எனக்குத் தெரியும். ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கியரை ஏர்க் கொழுவை அழுத்துவது போல அழுத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் இரண்டு விரலால் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலிருந்து நாலுக்குப் போனதை நான் காதால்தான் உணர்ந்தேன். கதறல் நின்று எஞ்சின் மூச்சு விட்டது. கண்ணை மூடியிருந்தேன் என்று சொல்வது என் மீசைக்கு அழகல்ல. பாதி மூடியிருந்தேன்.

"உழுகுதுங்களே" என்றாள்.

கோயில்பாளையம் போய்த் திரும்பினோம். வருகிற வழியெல்லாம் நாலாவது கியர்தான். கணபதி வந்தது. பவுண்டரிக் கூரைக்கு மேலே உலைப் புகை எழும்பத் தொடங்கியிருந்தது. கேட்டில் ஆறுமுகம், வெட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கட்டரோடு தயாராக நின்றான். வண்டியைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்துவிட்டான்.

அவள் ஒரு ஹாரன் அடித்தாள். வண்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆறுமுகம் கட்டரோடு நாலடி ஓடிவந்து நின்றுவிட்டான்.

"எங்க அம்மணி போறோம்?"

"மதுக்கரைப் பக்கம் ரோடு அகலமா இருக்குமாமுங்க" என்றாள். "கெட்டியாப் புடிச்சுக்கோங்க."